ஹுல்டாவின் எண்ணெய்க் குப்பி

ஹுல்டா மோர்டென்சன் சிரித்தால் பள்ளத்தாக்கின் மறுகோடியில் பால் கறந்துகொண்டிருப்பவருக்கும் கேட்கும். ஜெபத்துக்கு முன்னால் சிரிப்பாள், பின்னால் சிரிப்பாள், நடுவில் மட்டும் கஷ்டப்பட்டு அடக்கிக்கொள்வாள்.

அமெரிக்காவில் யூட்டா தனி மாநிலமான வருஷம் அது. மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வாழும் அந்த ஊரில் எவளுக்குப் பேறுகாலம் நெருங்கினாலும் ஹுல்டாவும் சபைச் சகோதரிகள் இரண்டு பேரும் போய் நிற்பார்கள். வெந்நீரில் அவளைத் துடைத்து, ஒலிவ எண்ணெய் பூசி, ஒவ்வொரு அங்கத்தையும் பெயர் சொல்லி ஆசீர்வதிப்பார்கள். குருத்துவம், அதாவது சடங்கு செய்யும் அதிகாரம், ஆண்களுக்கு; மேடையும் ஆண்களுக்கு. இந்த அறை மட்டும் பெண்களுடையது. ஞாயிற்றுக்கிழமை கோழி இட்ட முட்டைகளைச் சபைக்கென்று ஒதுக்கி, அவற்றை விற்றுத்தான் எண்ணெய் வாங்குவார்கள். அதைப் பிரதிஷ்டை செய்ய மட்டும் ஓர் ஆண் வேண்டும். வினை அங்கேதான் முளைத்தது.

புதிதாக ஊர்ச் சபையின் தலைவராக, அதாவது பிஷப்பாக, ஆன லுண்ட்கார்ட் பீட்ரூட் பயிரிடுகிறவர், நல்ல மனிதர், ஆனால் பதவி வந்து இன்னும் சூடு ஆறவில்லை. ஹுல்டா நீட்டிய புது எண்ணெயை அவர் தொடவே இல்லை.

“சிஸ்டர், இனிமே ஆசீர்வாதத்தை எல்லாம் சபை மூப்பர்கள் பாத்துப்பாங்க. வர்ற ஞாயித்துக்கிழமை மேடையிலயே சொல்லிடப்போறேன்.”

அவளுடைய குப்பியில் பிரதிஷ்டை செய்த எண்ணெய் இன்னும் ஒருத்திக்குத்தான் மிச்சம். ஹுல்டாவின் முதல் குழந்தை இறந்தே பிறந்தபோது, அந்தச் சகோதரிகளின் கைகள்தான் அவளைத் தாங்கியிருந்தன. அந்தக் கைகளை இந்த மனுஷன் ஒரே வாக்கியத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவாரா? அன்று அவள் சிரிக்காமல் வீடு திரும்பினாள். நாய்கூட என்ன ஆச்சு என்று பின்னாலேயே வந்தது.

புதன்கிழமை பிஷப்பின் மனைவி அல்வீராவுக்கு வலி கண்டது. ஏற்கெனவே இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்தவள். பக்கத்து வீடு என்பதால் வெந்நீர் போட மட்டும் ஹுல்டாவுக்கும் சகோதரிகளுக்கும் அனுமதி கிடைத்தது. பிஷப் இரண்டு மூப்பர்களோடு அறைக்குள் போனார். அடுப்படியில் ஹுல்டாவும் சகோதரிகளும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

தலையில் ஒரு சொட்டு எண்ணெய், சின்னதாக ஒரு ஜெபம், ஆமென்.

“அவ்வளவுதானா?” அல்வீராவின் குரல்.

“அவ்வளவுதான் கண்ணு.”

“என் தலை நல்லாத்தாங்க இருக்கு! புள்ள என்ன தலை வழியாவா வரப்போவுது? ஹுல்டாக்கா முதுகெலும்புல ஆரம்பிப்பாங்க. அப்புறம் இடுப்பு, வயிறு, தொடை. கழுவி, எண்ணெய் பூசி, ஒவ்வொண்ணா பேர் சொல்லணும். செய்யறதா இருந்தா முழுசா செய்யுங்க. ம், ஆரம்பிங்க!”

உள்ளே பூட்ஸ் கால்கள் கதவுப் பக்கம் நகரும் சத்தம் கேட்டது.

“என் மாடு கன்னு போடுற நேரம் பிஷப்,” என்றார் ஒரு மூப்பர்.

“அந்த மாட்டைப் பிடிக்க ஆள் வேணுமே,” என்றார் மற்றவர்.

ஹுல்டா இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரன் துணியை வாயில் திணித்துக்கொண்டாள். மூப்பர்கள் பின்வாசல் வழியாக ஓட்டம் பிடித்தார்கள். பிஷப் தன் தோட்டத்துப் பீட்ரூட்டைப் போலச் சிவந்துபோய் அடுப்படிக்கு வந்தார்.

“சிஸ்டர்... வெந்நீர் ஆயிடுச்சா?”

“எப்பவோ ஆயிடுச்சு. மூப்பர்கள் எங்க?”

“மாட்டைப் பாக்கப் போயிட்டாங்க.” அறைக் கதவைத் திறந்து பிடித்தார். “கொஞ்சம் உள்ள வாங்களேன், புண்ணியமாப் போவும்.”

கடைசிச் சொட்டுவரை ஹுல்டா அல்வீராவுக்கே பூசினாள். முதுகெலும்பைப் பெயர் சொல்லி ஆசீர்வதித்தபோது அல்வீரா அழுதாள். தொடைக்கு வந்தபோது, மூப்பர்கள் ஓடிய ஓட்டம் ஞாபகம் வந்து சிரித்தாள். பொழுது சாய்வதற்குள் ஒரு பெண் குழந்தை வீறிட்டது.

வெளியே விறகுக் குவியலின் மேல் பிஷப் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். குழந்தை அழும் சத்தம் கேட்டும் நம்பி எழுந்து வரவில்லை. ஹுல்டா எண்ணெய்க் கையை அப்படியே அவர் தலையில் வைத்தாள்.

“எந்த... எந்த அதிகாரத்துல, சிஸ்டர்?”

“அதிகாரம் உங்ககிட்டயே இருக்கட்டும் பிஷப். நான் ஏசுவோட பேரால விசுவாசமா கேக்கப்போறேன், அவ்வளவுதான். தலையை ஆட்டாதீங்க.”

அவர் ஆட்டவில்லை. குழந்தை மாதிரி அழுதார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் மேடை ஏறினார். ஹுல்டா வைத்த எண்ணெயில் தலைமுடி இன்னும் பளபளத்துக்கொண்டிருந்தது. பெண்கள் ஒருவர் தொடையை ஒருவர் கிள்ளிக்கொண்டார்கள்.

“சகோதரிகள் விஷயமா ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்,” என்றார். ஹுல்டா மடியிலிருந்த காலிக் குப்பியை இறுக்கிப் பிடித்தாள்.

பிஷப் குனிந்து, மேடைக்கு அடியிலிருந்து ஒரு பெரிய ஊறுகாய் ஜாடியைத் தூக்கி வைத்தார். கழுத்துவரை ஒலிவ எண்ணெய்.

“காலையிலயே பிரதிஷ்டை பண்ணிட்டேன். சிஸ்டர் மோர்டென்சன், உங்க குப்பி ரொம்பச் சின்னதுன்னு அல்வீரா சொல்றா. தீந்துபோனா வாங்க. ஜெபம் பண்ணுவோம்.”

எல்லோரும் தலை குனிந்தார்கள். ஹுல்டா பல்லைக் கடித்தாள், மூச்சைப் பிடித்தாள், கண்ணில் நீர் முட்டியது. ஜெபத்தின் நடுவிலேயே சிரித்துவிட்டாள்.