புல்லட்டுக்குப் பதில் நான் தின்ற பன்

தொண்ணூத்தி மூணு வாக்கில் இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டோரம் ஒரு டூவீலர் மெக்கானிக் ஷெட்டில் வேலை பார்த்தேன். ஐந்தாம் வகுப்பை மூன்று தடவை படித்தவன் நான். அந்த ஒரு வகுப்பைப் பற்றி என்ன கேட்டாலும் சொல்வேன், அதற்கு மேலே கேட்காதீர்கள்.

பக்கத்தில் ஒரு பேக்கரி. அதன் வாசலில் ஒரு கறுப்பு நாய். உறுமினால் பழைய புல்லட் வண்டி ஸ்டார்ட் ஆகிற மாதிரி இருக்கும், அதனால் புல்லட் என்று கூப்பிடுவேன். அதற்கு ஒரே ஒரு வேலைதான். அடுத்தவன் சனியைத் தின்பது.

சனிக்கிழமை ஆனால் போதும், ஜோசியர் சொல்லி அனுப்பிய ஆட்கள் சிட்லபாக்கத்திலிருந்தெல்லாம் ஸ்கூட்டரில் வந்துவிடுவார்கள். கறுப்பு நாய்க்கு இனிப்பு போட்டால் ஏழரைச் சனி விலகுமாம். கிரீம் பன், ஜாம் பன், தேங்காய் பன் என்று வாங்கிப் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போவார்கள். மற்ற நாட்களில் விற்காத பழைய சரக்கைப் பேக்கரி முதலாளியே போடுவார். "நம்ம நாய் கவர்னர் வூட்டு நாய் மாதிரி துன்னுது பாரு" என்று பெருமை வேறு.

கவர்னர் வீட்டு நாய் சொறிந்துகொண்டே கிடந்தது. முதுகில் முடி கொட்டி, காது சிவந்து நாறி, பின்னங்கால் மூட்டு வீங்கி, எழுந்திருக்கவே திணறும். எல்லாரும் சொறி என்றார்கள். சொறிக்கு ஊரே நம்புகிற மருந்து எங்கள் ஷெட்டில்தான் இருந்தது. வண்டியிலிருந்து இறக்கிய கறுத்த என்ஜின் ஆயில்! ஆளாளுக்கு டப்பாவில் வாங்கிப்போய் அதன்மேல் ஊற்றினார்கள். நானும் பெரிய டாக்டர் மாதிரி, "காதாண்ட நல்லா ஊத்துபா" என்று யோசனை சொன்னேன். புண் ரணமாகிப் போனதுதான் மிச்சம்.

ஒருநாள் பேக்கரி முதலாளி ஷெட்டுக்கு வந்தார். "நாத்தம் தாங்கலடா. கஸ்டமருங்க மூக்கப் பொத்திக்கினு போறாங்க. நாய் வண்டிக்குச் சொல்லிட்டேன், நாளைக்கு வந்து புடிச்சிக்கினு போயிடும்."

அந்தக் காலத்தில் நாய் வண்டியில் ஏறின நாய் திரும்பி வராது. புல்லட்டைக் கோணியில் சுற்றி, சர்வீசுக்கு வந்திருந்த ஒரு வண்டியில் 'டிரையல்' பார்ப்பதாகச் சொல்லி, கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

"யாருங்க இதுமேல ஆயில் ஊத்தினது?" என்று டாக்டரம்மா கேட்டார். நான் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தேன்.

"இது சொறி இல்ல. திங்கிறது ஒத்துக்காம உள்ளயிருந்தே வீங்குது. தோல், காது, மூட்டு எல்லாம் அதனாலதான். மைதா, சர்க்கரை, டால்டா எதுவும் வாயில படக்கூடாது. சோறும் மத்தி மீனும் உப்பில்லாம வேகவெச்சுப் போடுங்க. ஒரு பன் தின்னாலும் மறுபடி ஆரம்பிச்சிடும்."

டேங்கில் மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டு, வண்டி புகைகிறதே என்று பெயிண்ட் அடித்திருக்கிறோம்!

ஷெட்டுக்குள் கட்டிப்போட்டேன். நாய் வண்டி வந்தபோது "இது என் நாய்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை வந்தது. அதே முதலாளி வந்து நிற்கிறார். "டேய், நாய வெளிய வுடுடா. பன் யாவாரமே படுத்துகிச்சு."

"வண்டிக்குச் சொன்னது நீதான?"

"அது நாத்தத்துக்கு. இது யாவாரம்."

ஸ்பேனர் கையில் இருந்தது. எப்படி அடக்கிக்கொண்டேன் என்று தெரியவில்லை.

அவர் போனதும் பன்னோடு கூட்டம் ஷெட்டுக்கே வந்துவிட்டது. டாக்டரம்மா சொன்னதைத் தொண்டை வறளச் சொன்னேன். "ஒரு பன்னுல என்னப்பா ஆயிடப் போவுது?" ஒவ்வொருத்தரும் இதையேதான் கேட்டார்கள். எவனோ என் தலைக்கு மேலே ஒரு பன்னை வீசினான். புல்லட் லபக்கென்று விழுங்கியது. இரண்டே நாளில் காதைப் பிய்த்துக்கொண்டு ரத்தம்.

அடுத்த சனிக்கிழமை, கையில் ஜாம் பன்னோடு ஒரு சார். "தம்பி, ஒரே ஒரு வாய்…"

எனக்குள் என்னவோ வெடித்தது. "உன் ஜாதகத்துல கெட்டுப்போன பார்ட்டக் கழட்டி நாய்மேல மாட்டிட்டுப் போறியே சார், அது இன்னா பாவம் பண்ணிச்சு? கறுப்பா இருக்கணும், அவ்ளோதான? என்னப் பாரு! அதவிடக் கறுப்பு, மேல கிரீஸ் வேற. குடு, நானே துன்றேன்!"

பிடுங்கி, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே மொத்தத்தையும் தின்றேன். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அந்த மனுஷன் கன்னத்தில் போட்டுக்கொண்டு, நிம்மதியாக ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்!

அதிலிருந்து சனிக்கிழமை வந்தால் நான்தான் நாய். வரிசையாகத் தின்றேன். புல்லட் உள்ளே சோறும் மீனுமாகப் படுத்திருந்தது.

கொஞ்சம் கொஞ்சமாக அதற்கு முடி முளைத்தது, காது ஆறியது. பின்னங்கால் மட்டும் கடைசிவரை நொண்டல்தான். பேக்கரி முதலாளி வெட்கமே இல்லாமல், "நம்ம நாய் எப்டி பளபளன்னு கீது பாரு" என்று எல்லோரிடமும் காட்டினார். எனக்கு இப்போது சுகர். டாக்டர் மைதாவை விடு, சர்க்கரையை விடு என்கிறார். இதை நான் முன்னாடியே கேட்டிருக்கிறேன் சார் என்றால் அவருக்குப் புரியவில்லை.

இன்றைக்கும் சனிக்கிழமையில் யாராவது பன்னைப் பிரித்துக்கொண்டு தெருநாயைத் தேடினால் எனக்குச் சுர்ரென்று ஏறுகிறது: புண்ணியம் தேடுகிற அவசரத்தில், தின்னப்போகிற உயிரை ஒரு தடவை குனிந்து பார்க்கக்கூடவா இவர்களுக்கு நேரமில்லை?