ஜோடி சேராத கம்பு

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அடையாறு பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் ஆராய்ச்சி மாணவி. மயிலாப்பூரில் ஒரு வாடகை வீட்டு மாடியில் அம்மாவும் நானும் இருந்தோம். அம்மா மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

கம்பில் பதினான்கு குரோமோசோம்கள். மகரந்தம் உருவாகும் முன் அவை ஏழு ஜோடிகளாகச் சேர வேண்டும். சேராவிட்டால் கதிரில் மணி பிடிக்காது. என் பாத்தியில் ஒரே ஒரு செடியில் மட்டும் பதினான்கும் தனித்தனியாகச் சிதறிக் கிடப்பதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். கோதுமையில் இந்தச் சேர்க்கையை ஆளும் மரபணு ஒன்று இருப்பதை வெளிநாட்டில் கண்டுபிடித்திருந்தார்கள். கம்பிலும் அப்படி ஒன்றைக் காட்டிவிடலாம் என்று துள்ளினேன். என் பேராசிரியர் அசரவில்லை.

"வெயில் அதிகமானாகூட இப்படி ஆகும்மா. இந்தச் செடியில மணி பிடிக்காது; ஜீன்தான்னா, கூடப் பிறந்த செடிகளோட விதையில அது திரும்ப வரணும். வந்தா நம்பறேன்."

அதே தாய்க்கதிரின் விதையில் முளைத்துக் கூடப் பிறந்தவை ஐந்து செடிகள். ஐந்தின் விதைகளும் ஐந்து காகித உறைகளில் இருந்தன. ஒரு சனிக்கிழமை பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அவற்றை டப்பாவில் போட்டு மூடாமல் மேசைமேலேயே விட்டுவிட்டேன். திங்கட்கிழமை காலை ஆய்வுக்கூடப் பணியாளர் வாசலிலேயே என்னை நிறுத்தினார்.

"எலி பூந்துட்டுகீதும்மா. நாலு கவரு காலி. இது ஒண்ணுதான் அலமாரிக்குப் பின்னால வுழுந்து கெடந்துச்சு."

செடிகளை எப்போதோ பிடுங்கி எறிந்தாயிற்று. இனி அந்த ஒரு உறைதான். கல்லூரிப் பாத்தியை நம்ப எனக்குத் துணிவில்லை. எங்கள் மொட்டை மாடியில் தொட்டிகள் வைத்து விதைத்தேன். இருபத்திரண்டு முளைத்தன. அந்த வருஷம் குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. அம்மா அரிசி களைந்த தண்ணீரைக்கூடக் கீழே கொட்டாமல் மாடிக்குச் சுமந்தாள்.

"எதைத்தான்டி தேடறே?"

"ஜோடி சேராததை."

"கிடைக்கும். ஊத்திட்டே இருப்போம்."

கதிர் வெளிவரும் முன்பே அதை மூடியிருக்கும் இலையைப் பிரித்து எடுத்து, அமிலத்தில் ஊறவைத்து, மகரந்தப்பையைச் சிவப்புச் சாயத்தில் நசுக்கிப் பார்க்க வேண்டும். முதல் செடி, ஏழு ஜோடி. இரண்டாவதும் ஏழு. பத்தாவதும் ஏழு. பதினெட்டாவதும் ஏழு.

பத்தொன்பதாவதில் குரோமோசோம்கள் சிதறியிருந்தன. நோட்டில் "சேரவில்லை" என்று எழுதினேன். எழுதும்போதே தெரியும், மேலே வைத்த கண்ணாடிச் சில்லைக் கட்டைவிரலால் அளவுக்கு மீறி அழுத்தியிருந்தேன்; அப்படி அழுத்தினால் சேர்ந்த ஜோடிகளும் சிதறும். அந்த ஒரு சொல்லை அப்படியே விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இரண்டு நாள் விட்டுத்தான் வைத்தேன். மூன்றாம் நாள் அதே கதிரிலிருந்து இன்னொரு மகரந்தப்பையை எடுத்துப் பார்த்தேன். ஏழு ஜோடி, குழப்பமே இல்லாமல். நோட்டில் அந்த வரியை அடித்தேன்.

மிச்சமிருந்த மூன்றிலும் ஏழு ஜோடிதான்.

பேராசிரியர் நோட்டைக் கடைசிவரை புரட்டினார்.

"கூடப் பிறந்ததுல எல்லாமே அந்த ஜீனைச் சுமக்காது. சுமக்காத செடியோட விதை உனக்கு மிஞ்சியிருக்கலாம். இல்லே, ஜீனே இல்லாம இருக்கலாம். இனிமே எப்படிம்மா சொல்றது?"

அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஏறினேன். எந்த பஸ் என்று பார்க்கவில்லை. தி. நகர் போனது, அசோக் நகர் போனது. எல்லாரும் இறங்கிய பிறகு கண்டக்டர் வந்து நின்றார்.

"இன்னாம்மா, வடபழனி டிப்போ வந்துட்ச்சு. எறங்கலியா?"

வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. அவர் எதிர் சீட்டில் உட்கார்ந்து டிக்கெட் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் அழுது முடித்ததும் மயிலாப்பூர் பஸ் நிற்கும் இடத்தைக் கை காட்டினார்.

மற்ற அத்தியாயங்களை வைத்து ஆய்வேட்டை முடித்தேன். மலட்டுச் செடிக்கு அதில் ஒரு பக்கம். வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அந்தப் பக்கத்தில் விரல் வைத்துக் கேட்டார்.

"இது மரபணுவா, வெயிலா?"

"தெரியாது சார்."

அவர் பக்கத்தைத் திருப்பினார்.