பெட்டியைக் கேள்வி கேட்க வைத்தவள்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் விடாக்கண்டி. எடைபோடும் இயந்திரங்கள் செய்யும் சின்ன கம்பெனி அது. இயந்திரத்துக்குள் இருக்கும் விரல்நக அளவு சிப் என்ன செய்ய வேண்டும் என்று ப்ரோகிராம் எழுதுவது அவள் வேலை. ஒரு பிழை கண்ணில் பட்டுவிட்டால் அதை முடிக்காமல் சாப்பிடக்கூட எழுந்து போகமாட்டாள். சக ஊழியர்கள் கேலி செய்தால் சிரித்துக்கொள்வாள். இடத்தைவிட்டு மட்டும் நகரமாட்டாள்.

அவளுடைய அண்ணன் பஸ் ஓட்டுநர். டெப்போவில் எல்லோரும் அவரை ஹாரன் என்றே கூப்பிடுவார்கள். அப்படி ஒரு குரல். சங்கத்தின் சார்பில் நிர்வாகத்திடம் பேசுவதும் அவர்தான். தொண்டையில் கட்டி வந்து குரல்வளையை எடுக்க வேண்டியதாயிற்று. உயிர் பிழைத்தார், பேச்சு போய்விட்டது. உதிரிபாகங்கள் கொடுக்கும் ஜன்னலில் அவரை உட்கார வைத்தார்கள்.

போனில் எழுதிப் பார்த்தார். ஸ்டியரிங் பிடித்துத் தடித்த விரல். ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று எழுத்து விழுந்தது. ஆனால் ஓட்டுநர் ஆவதற்கு முன்பு டைப்ரைட்டிங் படித்தவர், நிஜமான கீபோர்டு கிடைத்தால் பொரிந்து தள்ளுவார். அதனால் தங்கை ஒரு பேசும் பெட்டி செய்து கொடுத்தாள். உள்ளே ஒரு சிப், ஒரு ஸ்பீக்கர், ஒரு பேட்டரி, ஒரே ஒரு யூஎஸ்பி வாய். லேப்டாப்பில் செருகி அவர் டைப் அடித்தால் பெட்டி வாசிக்கும்.

வீட்டில் அது போதுமானதாக இருந்தது. டெப்போவில் போதவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய், இடம் தேடி வைத்து, அது கண் விழித்து எழுவதற்குள் கூட்டம் கலைந்துவிடும். ஒருநாள் அவர் பெட்டி வழியாகவே தங்கையிடம் சொன்னார்: "நான் வாயத் திறக்கறதுக்குள்ள பேச்சு வேற ஊருக்குப் போயிடுதும்மா."

அந்தச் சமயத்தில்தான் ஓட்டுநர்களின் ஓய்வு நேரம் பற்றி நிர்வாகத்தோடு பேச ஒரு கூட்டம் ஏற்பாடானது. அண்ணன் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சொன்ன நாளிலிருந்து சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார் என்று அண்ணி வருத்தப்பட்டாள்.

"கீபோர்ட நேரா பெட்டியிலயே செருகற மாதிரி பண்ணிடறேன் அண்ணி. கம்ப்யூட்டரே வேண்டாம்" என்றாள் தங்கை.

சொல்வது சுலபம். யூஎஸ்பியில் இரண்டு பக்கமும் சமமில்லை. ஒரு பக்கம் கேட்கும், மறுபக்கம் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். இதுவரை கேட்டது லேப்டாப். பெட்டி பதில் சொல்லும் பக்கம். கீபோர்டும் பதில் சொல்லும் ஜாதிதான். விசையை அழுத்தினாலும் தானாக எதையும் சொல்லாது. யாராவது வந்து கேட்கும்வரை வைத்துக்கொண்டிருக்கும். பதில் சொல்லும் இரண்டை ஒன்றோடொன்று இணைத்தால் இரண்டும் சும்மா இருக்கும். ஆகவே பெட்டி கேட்கும் பக்கத்துக்கு மாற வேண்டும். அவள் போட்டிருந்த சிப்பில் இரண்டு வேலைக்கும் வழி இருந்தது.

ப்ரோகிராமில் மாற்றி எழுதிக் கீபோர்டைச் செருகினாள். விளக்குகூட எரியவில்லை. காரணம் சீக்கிரமே புரிந்தது. மின்சாரம் கொடுக்க வேண்டியதும் கேட்கும் பக்கம்தான். பெட்டியின் வாயோ லேப்டாப்பிடமிருந்து வாங்கியே பழகியது. பேட்டரியிலிருந்து ஐந்து வோல்ட் எடுத்துக் கொடுக்க ஒரு சின்ன சுற்றை அந்த வாரமே சேர்த்தாள்.

இப்போது விளக்கு எரிந்தது. ஏதோ ஒன்று செருகப்பட்டிருக்கிறது என்று சிப்புக்கும் தெரிந்தது. அடுத்து சிப் அந்தக் கீபோர்டை எல்லாம் மறந்து புதிதாகத் தொடங்கச் சொல்லி, நீ யார் என்று விசாரித்து, அதற்கு ஓர் எண் கொடுத்து, பிறகு விசை ஏதாவது அழுத்தப்பட்டதா என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கீபோர்டோ முதல் கேள்விக்கே ஊமையாக இருந்தது. கம்பியில் ஓடும் சமிக்ஞைகளை ஒரு கருவியில் பிடித்து வரிவரியாகப் பார்த்தாள். புதிதாகத் தொடங்கு என்று சொன்ன மறுகணமே அவள் ப்ரோகிராம் கேள்வியை வீசிக்கொண்டிருந்தது. கீபோர்டு மூச்சு விட இடையில் கொஞ்சம் நேரம் கொடுத்தாள். கீபோர்டு தன்னைப் பற்றி ஒப்பித்தது. முதல் எழுத்து ஸ்பீக்கரில் கேட்டபோது மேசையை ஓங்கித் தட்டினாள்.

வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அண்ணன் கொஞ்ச நேரம் விடாமல் அடித்தார். பாதி வாக்கியத்தில் பெட்டி நின்றது. கழற்றிச் செருகினால் ஒரு வார்த்தை வரும், மறுபடி நிற்கும். அவர் கீபோர்டை மெதுவாக மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டு டிவி பார்க்கத் தொடங்கினார்.

அலுவலகத்தில் அதே பெட்டி ஒழுங்காக வேலை செய்தது. அவளோடு வேலை பார்க்கும், சிப் உட்காரும் போர்டை வரையும் பெரியவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்.

"அண்ணன் எழுதிக் குடுத்தா வேற யாராவது கூட்டத்துல படிச்சிடலாமேம்மா."

"படிச்சிடலாம் சார். எதிர்க்கேள்வி வந்தா யாரு பதில் சொல்றது?"

அவர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

அலுவலகத்தில் ஏசி ஓடுகிறது, வீட்டில் புழுக்கம். அதுதான் வித்தியாசமோ என்று சந்தேகம் வந்து, மறுநாள் தலைமுடி உலர்த்தும் கருவியை எடுத்துவந்தாள். சூடான காற்றைப் பெட்டிமேல் அடித்தார்கள், நின்றது. ஆறியதும் பேசியது. மறுபடி அடித்தார்கள்; மறுபடி நின்றது.

இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. சிப்புக்குள் இருக்கும் கடிகாரம் சூட்டில் கொஞ்சம் தடுமாறும். லேப்டாப் இருந்தவரை அது இடைவிடாமல் அனுப்பும் துடிப்பைப் பார்த்துச் சிப் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டது. இப்போது துடிப்பை அனுப்ப வேண்டியதே பெட்டிதான். பார்த்துத் திருத்திக்கொள்ள எதிரே யாரும் இல்லை. கடிகாரத்துக்குத் தாளம் தவறாமல் துடிப்பு தர, சொந்தமாக ஒரு துல்லியமான படிகம் வேண்டும். லேப்டாப்போடு இணைக்கத் தேவைப்படாது என்று போர்டில் அதற்கான இடத்தை அவள் காலியாகவே விட்டிருந்தாள். பெரியவர் தன் டப்பாவைக் கிளறி அரிசி மணிபோல ஒரு படிகத்தை எடுத்துக் கொடுத்தார். அவள் பற்றவைத்து, ப்ரோகிராமில் அதையே பின்பற்றச் சொன்னாள். கை சுடும்வரை காற்றடித்தும் பெட்டி பேசிக்கொண்டே இருந்தது.

அண்ணன் உடனே நம்பவில்லை. கூட்டத்துக்கு முந்தைய வாரம் முழுக்க வெயிலில், டெப்போ வாசலில், எஞ்சின்கள் உறுமும் இடத்தில் வைத்து அதைப் பாடாய்ப் படுத்தினார். பிறகு சட்டைக்கு இஸ்திரி போடச் சொன்னார்.

கூட்ட அறைக்கு வெளியே பெஞ்சில் தங்கை உட்கார்ந்திருந்தாள். உள்ளிருந்து பெட்டியின் தட்டையான குரல் கேட்டது. ஒரு வார்த்தையை அது தப்பாக உச்சரித்தபோது சிலர் சிரித்தார்கள். மேலாளர் குறுக்கே பேசத் தொடங்கினார். பெட்டிக்குக் குரலை உயர்த்தத் தெரியாது. அண்ணன் சொன்ன வாக்கியத்தையே திரும்பச் சொல்ல வைத்தார். மேலாளர் மேலே பேசப் பேச, பெட்டி அதே குரலில் அதையே சொன்னது: "பின்னிரவு வண்டியை நிறுத்தினவன் விடிகாலை வண்டியை எடுக்கக் கூடாது." கடைசியில் மேலாளர்தான் நிறுத்தினார்.

அதன்பிறகு கேள்விகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் விசைகள் தடதடவென்று ஓடும் சத்தம், பிறகு பதில்.

பின்னிரவு வேலை முடித்தவருக்கு மறுநாள் காலை வண்டி இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். இடைவேளையை நீட்டும் கோரிக்கை தள்ளிப்போனது. வெளியே வந்த அண்ணன், கிடைத்ததைவிடக் கிடைக்காததைப் பற்றியே நடைபாதை நெடுகப் பேசினார், கீபோர்டை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, நின்று நின்று.

அந்த மாதக் கடைசியில் அண்ணி அவளைச் சமையலறைக்குள் தனியாக அழைத்தாள்.

"பேசட்டும், சந்தோஷம். சத்தத்தைக் கொறைக்க மட்டும் எங்கயாவது ஒரு திருகு வைம்மா. சீரியல் ஒண்ணும் காதுல விழல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கை அதைப் பொருத்திக் கொடுத்தாள்.