வெர்ல் பிடுங்கிய புகை பம்புகள்

பேக்கர்ஸ்ஃபீல்டில் காற்று நாறுவதற்கு எண்ணெய்க் கிணறு காரணம், மலை காரணம், லாரி காரணம் என்று பேப்பர்காரன் பக்கம் பக்கமாக எழுதுவான். வெர்ல் ஸ்டிட்டம் பெயரை மட்டும் எழுத மாட்டான். எழுதியிருக்க வேண்டும். எழுபதுகளில் எங்கள் பேட்டையில் பறந்த கார்களில் பாதிக்கு மேற்பட்டவற்றின் புகை பம்பைக் கழற்றிய கை அவனுடையது. எதிர் வீட்டில் உட்கார்ந்து முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் புகையைத் தின்றவன் நான், ஆரின் பெல்ச்சர். எனக்குப் பேச உரிமை இருக்கிறது.

புகை பம்பு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இன்ஜின் பக்கத்தில் ஒரு பெல்ட்டில் சுற்றும். உள்ளே இருக்கும் தகடுகள் வெளிக்காற்றை இழுத்துப் புகைக்குள் ஊதும். எரியாமல் மிஞ்சிய பெட்ரோல் அங்கேயே எரிந்துபோகும். அவ்வளவுதான். அரசாங்கம் வைக்கச் சொன்னது என்ற ஒரே குற்றத்துக்காக எங்கள் ஆட்களுக்கு அதைக் கண்டாலே ஆகாது. கார் இழுக்கவில்லையா? பம்பு. பெண்டாட்டி பேசவில்லையா? அதற்கும் பம்பு. இந்த மதத்துக்கு வெர்ல்தான் பாதிரியார்.

நடீன் அப்போது பள்ளிக்கூடப் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். சம்பளத்தைச் சேர்த்து வைத்து எழுபதாம் வருஷத்து மஞ்சள் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரைப் புத்தம் புதிதாக வாங்கியிருந்தாள். எழுபத்தொன்றில் ஆயில் மாற்ற, வெர்ல் தன் வீட்டோடு வைத்திருந்த மெக்கானிக் கடைக்கு வந்தாள். பம்பு போனது அன்றைக்குத்தான்.

"ஆயில் மாத்தியாச்சும்மா. கூடவே அந்தச் சனியனையும் கழட்டிட்டேன். அதுக்குக் காசு வேணாம்."

"எந்தச் சனியனை?"

"புகை பம்பு."

"உன்னை யாருய்யா கழட்டச் சொன்னது?"

"இதையெல்லாம் யாராவது சொல்லணுமா? ஓட்டிப் பாரு, சும்மா பறக்கும்."

"பறக்குறதுக்கா வாங்கினேன்? நான் வாங்கினப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே திருப்பிக் குடு."

"சரி சரி, கோவிச்சுக்காதே. அடுத்த வாரம் மாட்டித் தர்றேன்."

அடுத்த வாரம் வருவதற்குள் அவளைக் கல்யாணம் பண்ணிக்கொண்டான். கடன்காரியை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டால் அவசரம் இருக்காது பாருங்கள்!

கழற்றிய ஒவ்வொரு பம்பிலும் காரின் சொந்தக்காரர் பெயரை ஆணியால் கீறி, கொல்லையில் குவித்து வைப்பான். யாராவது திரும்பி வந்து கேட்டால் கொடுக்க வேண்டுமாம். ஒருத்தரும் வரவில்லை. எண்பத்து மூன்றில், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புகைச் சோதனை கட்டாயம் என்று பேச்சு வந்ததும் ஐயா கொல்லைக்கு ஓடினார். அதிகாரி வந்து அந்தக் குவியலைப் பார்த்தால் கதை கந்தல். ஒரே சனிக்கிழமையில் எல்லாவற்றையும் கடை முன்னால் பள்ளத்தில் கொட்டி, மேலே கான்கிரீட் போட்டு மூடிவிட்டான்.

சோதனைக்கு என்ன செய்வது? ஒரே ஒரு பம்பை வெளியே வைத்திருந்தான். கல்யாணத்துக்கு இரவல் வாங்கும் நகை மாதிரி அது ஊரையே சுற்றிவந்தது. திங்கள்கிழமை பல் டாக்டர் கார்வெட்டில், செவ்வாய்க்கிழமை ஷெரீஃப் மச்சான் காரில், புதன்கிழமை நடீன் காரில். பாஸானதும் கழற்றிவிடுவார்கள். நானும் வாங்கி மாட்டியிருக்கிறேன், மறைப்பானேன்.

பிறகு தொண்ணூற்றெட்டில் பழைய கார்களுக்குச் சோதனையே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். உடனே எங்கள் ஆட்களுக்குப் புத்தி தலைகீழாகத் திரும்பியது. சட்டம் கேட்டபோது பிடுங்கி எறிந்தவர்கள், சட்டம் விட்ட பிறகு பம்பைத் தேடிக் குப்பைக்கிடங்கு குப்பைக்கிடங்காக அலைந்தார்கள். காரணம் எங்கள் கார்வெட் சங்கம். கார் தொழிற்சாலையை விட்டு வந்தபோது இருந்தபடியே இருந்தால்தான் சான்றிதழ். பம்பு இல்லையா, மதிப்பெண் போச்சு. பம்பில் பொறித்த தேதி காரின் தேதிக்குப் பொருந்தவில்லையா, அதுவும் போச்சு. சங்கத்தில் நானும் ஒரு நடுவர். தொப்பி கூட உண்டு.

இரண்டாயிரத்து நான்கு ஜனவரியில் நடீனின் கண்ணைப் பார்த்த டாக்டர், நடுப்பார்வை தேய்ந்துகொண்டே வருகிறது என்று சொல்லிவிட்டார். ஜூனில் லைசன்ஸைப் புதுப்பிக்க வேண்டும். கண் சோதனையில் தேற மாட்டாள் என்பது அவளுக்கே தெரியும். சங்கத்தின் போட்டி மே மாதம், வடக்கே வைசேலியா ஊரில்.

"வெர்ல், நான் வண்டி ஓட்டப் போறது இன்னும் அஞ்சு மாசம். என் காரை முழுசா ஒரு தடவை ஓட்டிட்டு விட்டுடறேன். என் பம்பைக் குடு."

"இரவல் பம்பை மாட்டட்டுமா? தேதியை அழிச்சு வேற பொறிச்சா ஒரு பய கண்டுபிடிக்க மாட்டான்."

"என்னோடது எங்க?"

வெர்ல் காலடியில் இருந்த கான்கிரீட்டைப் பார்த்தான்.

கான்கிரீட் உடைக்கிற மெஷினை நான்தான் வாடகைக்கு எடுத்துவந்தேன். இரண்டு நாள் உடைத்தோம். அறுபத்தொரு பம்பு கிடைத்தது, பல் டாக்டருடையது உட்பட. நடீன் பெயர் கீறியது கடைசியில்தான் வந்தது. காய்ந்த மணலில் புதைந்து கிடந்ததால் தண்ணீர் படாமல் வெளி உடம்பு பிழைத்திருந்தது. தேதி முத்திரையும் பளிச்சென்று தெரிந்தது. உள்ளே மட்டும் இறுகிக் கிடந்தது. புதுத் தகடு வாங்கிப் போடுகிறேன் என்று சொல்லி வெர்ல் அதைக் கடைக்குள் கொண்டுபோனான்.

வைசேலியாவுக்கு நடீனே ஓட்டிவந்தாள். ஓட்டல் வாசலில் வரிசையாக நிறுத்தியிருந்த கார்களுக்கு நடுவில் பானெட்டைத் திறந்து நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். சிநேகிதன் காரை நடுவர் பார்க்கலாமா என்று கேட்காதீர்கள். பத்தொன்பது பேர் இருக்கிற சங்கத்தில் வேறு யார் பார்ப்பது? முத்திரை சரி, பெயின்ட் சரி, பெல்ட் சரி. முழு மதிப்பெண் போட்டேன்.

"ஆரின், இன்ஜினைப் போடு," என்றாள் நடீன்.

போட்டேன். அவள் தடவிப் பார்த்துப் பம்பின் குழாயை உருவி, அந்த வாயில் உள்ளங்கையை வைத்தாள்.

"காத்து வரலை."

"வரும், வரும். லேசாத்தான் வரும்," என்றான் வெர்ல்.

"லேசாக்கூட வரலை. உள்ள என்ன வெச்சிருக்கே?"

அவன் தொப்பியைக் கழற்றினான். "ஒண்ணும் இல்லை. தகடு போட்டேன், சத்தியமா போட்டேன். ஒரு சுத்து ஓட்டிப் பாத்தா கார் இழுக்கலை நடீன். கடைசியா உன் கையில ஓடறது நல்லா ஓடட்டுமேன்னு திரும்ப எடுத்துட்டேன்."

"என்னைக் கேட்டியா?"

வெர்ல் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டான்.

"எனக்கு நல்லா ஓட வேணாம். என் கார் எனக்கு வேணும். அன்னைக்கும் கேக்கலை, இன்னைக்கும் கேக்கலை. ஆரின், மார்க்கைக் குறை."

"விதிப்படி வெளியில பாத்தாப் போதும், நடீன்."

"உன் விதியை நீயே வெச்சுக்கோ. குறைன்னா குறை."

குறைத்தேன். மூன்று மதிப்பெண்ணில் சான்றிதழ் போனது. இத்தனை வருஷமாகத் தொப்பி போட்ட நடுவன், கையில் டார்ச். பார்வை போகிறவள் கண்டுபிடித்ததை நான் பார்க்கவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது.

ஊர் திரும்பியதும் வெர்ல் நேராகக் கடைக்குள் போய்த் தகடுகளைத் திரும்பப் போட்டான். மறுநாள் காலை அவளைக் கூப்பிட்டுக் குழாயைக் காட்டினான். கையை வைத்துப் பார்த்து, "வருது," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்த முரட்டு மனுஷன் எங்கள் தெருவே பார்க்க ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

அடுத்த நான்கு வாரமும் நடீன் தினமும் ஓட்டினாள். கார் கொஞ்சம் மந்தமாகத்தான் போனது. அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஜூன் எட்டாம் தேதி லைசன்ஸ் ஆபீஸுக்குப் போகும்போது அவள் ஓட்டினாள். வரும்போது வெர்ல் ஓட்டினான். என் வாசலில் நின்ற எனக்கு அதைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது.

காரை நிறுத்திய வெர்ல் இறங்கவில்லை. ஸ்டீயரிங்கில் கையை வைத்தபடி அவள் பக்கம் திரும்பினான்.

"பெல்ட்ல ஏதோ சத்தம் கேக்குது நடீன். பானெட்டைத் திறந்து பாக்கட்டுமா?"

அவள் கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்தாள்.

"இப்ப வேணாம்," என்றாள். "இன்னொரு சுத்து போயிட்டு வரலாம்."