சினிமாவுக்குப் போகாத நவமணி

மலேசியாவின் கெடா மாநிலத்தில், சிடாம் கிரியைத் தாண்டிச் செம்மண் சாலையில் நாலு மைல் போனால் வரும் ரப்பர் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் நவமணியை எல்லோருக்கும் தெரியும். வேலையாட்களின் வரிசை வீடுகளில், ஆறாம் லயத்தில் கடைசி வீடு. மலைச்சரிவு மரவரிசையான மலைநிரையில் ரப்பர் பால் வெட்டுவாள். கை வேகம், வாய் அதைவிட வேகம். 1976-க்கு முன்னால் அவளைப் பற்றிச் சொல்ல ஊருக்கு இவ்வளவுதான் இருந்தது. இன்னொன்றும் இருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அது 1972-இல் நடந்தது. அவளுடைய இளைய மகள் இராசாத்திக்கு இரண்டு வயது. காலையில் உடம்பு லேசாகச் சுட்டது. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை விடும் ஆயாக் கொட்டகையில் ஆயா அக்னஸிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு நவமணி மலையேறினாள். பத்து மணிக்கு அக்னஸ் ஆள் அனுப்பினாள், பிள்ளைக்குக் கைகால் வெட்டி இழுப்பு வந்துவிட்டது, உடனே வா என்று. நவமணி ஓடி வந்தபோது தண்டல் தர்மலிங்கம் நிரை ஓரத்தில் சைக்கிளோடு நின்றான். வேலையாட்களை மேய்ப்பது அவன் வேலை. மழை மேகம் திரண்டிருந்தது; மழை விழுந்தால் மரத்து மங்குகளில் வடிந்த பால் வீணாகும். பாலை எடுத்து ஸ்டோரில் எடை போட்டுவிட்டுப் போ, விட்டுவிட்டுப் போனால் நாளைக்கு உனக்கு நிரை கிடையாது என்றான். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அவன் மேகத்தைப் பார்த்தான். அழுதுகொண்டே இருநூறு மரத்துப் பாலை எடுத்து, வாளிகளைக் காண்டாக் கம்பில் கட்டித் தோளில் தூக்கி, எடை போட்டுவிட்டு அவள் கொட்டகைக்கு வந்தபோது பன்னிரண்டு ஆகிவிட்டது. தோட்டத்து வேன் சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியை எட்டுவதற்குள் பிள்ளை மடியிலேயே போய்விட்டது.

புருஷன் அழகேசன் பத்து நாள் குடித்தான். பிறகு வேலைக்குப் போனான். நவமணியும் போனாள். மூத்தவள் பிரேமாவதி இருந்தாளே, சோறு வேண்டுமே. அதே மலைநிரை, அதே தண்டல்.

நாலு வருஷம் கழித்து ஒரு வேனில் ஆறு பேர் வந்து இறங்கினார்கள். சுங்கை பட்டாணியில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து வேலையை விட்ட வால்டர் என்பவர் சொந்தமாக நாடகப் படம் எடுக்கும் கம்பெனி தொடங்கியிருந்தார். தோட்ட வாழ்க்கையைப் பற்றி எடுத்துக் கொடுத்தால் தொலைக்காட்சியில் போடுவார்கள் என்று பேச்சு. கெடாவில் அப்போது அப்படி ஒரு தொழில் இருப்பதே யாருக்கும் தெரியாது. மானேஜரிடம் அனுமதி வாங்கி எட்டு நாள் எடுத்தார்கள். லயமே கேமரா பின்னால் அலைந்தது. பினாங்கிலிருந்து ஒரு நடிகை வந்திருந்தாள். அவளுக்குக் கட்ட, உடுத்திப் பழகின சேலை ஒன்று வேண்டுமென்று அக்னஸ் கேட்டு வர, இலைக்கரை போட்ட தன் மஞ்சள் சேலையை நவமணி சந்தோஷமாகவே கொடுத்தாள்.

ஒரு சனிக்கிழமை மாலை அது ஒளிபரப்பானது. தோட்டத்து மண்டபத்தில் ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி. முன்னூறு பேர். நவமணி பிரேமாவதியோடு நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

கறுப்பு வெள்ளையிலும் இலைக்கரை தெரிந்தது. நடிகை பிள்ளையைத் தூக்கி, "என் எலிக்குட்டி" என்றாள். இராசாத்தியை அவள் கூப்பிட்ட பேர் அது. வீட்டுக்கு வெளியே தினமும் அதைக் கேட்டவள் அக்னஸ் ஒருத்திதான். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. கொட்டகையில் விட்டாள். அதுவரை எல்லாம் நடந்தது நடந்தபடி. அதற்கப்புறம் நடிகை மலையேறவில்லை. வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, பூ வைத்துக்கொண்டு பஸ் ஏறி, டவுனில் சினிமா பார்க்கப் போனாள். கச்சாங் பூத்தே கடலையைக் கொறித்துக்கொண்டு அவள் சிரிக்கிற சிரிப்பையும் ஆயாக் கொட்டகையில் பிள்ளைக்கு வரும் இழுப்பையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். தண்டலாக நடித்தவர்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடினார்.

முன்வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி நவமணியைப் பார்த்தார்கள். தர்மலிங்கமும் திரும்பினான். அவன் முகத்தில் வெட்கம் இருந்திருந்தால்கூட அவள் அன்றைக்குத் தாங்கியிருப்பாள்.

மறுநாள் காலை அவள் நேராக ஆயாக் கொட்டகைக்குப் போனாள். அக்னஸ் ஏணையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"நா அவங்ககிட்ட நடந்தத நடந்தபடிதான் சொன்னேன் நவமணி. மாதா சத்தியம். நம்ம கஷ்டம் வெளிய தெரியட்டும்னுதான்."

"என் கஷ்டத்த சொல்ல ஒன்னைய யாரு கேட்டா?"

அக்னஸ் அழுதாள். நவமணி அழவில்லை. அதோடு பேச்சு முறிந்தது. அந்தக் கிறிஸ்மஸுக்கு அக்னஸ் தட்டில் வைத்து அனுப்பிய கேக்கை, கொண்டுவந்த பெண்ணின் கண்ணெதிரிலேயே கோழிக்குப் போட்டாள்.

அடுத்த ஓய்வு நாளில் அவள் சுங்கை பட்டாணிக்குப் பஸ் ஏறினாள். சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் வால்டரின் ஆபீஸ். அவர் எழுந்து நின்று, நாற்காலி போட்டு, குடிக்க மைலோ வாங்கி வரச் சொன்னார். மரியாதையான மனுஷன். அதுவே அவளுக்கு எரிந்தது. உட்காராமல் கேட்டாள், எதுக்குப் பொய் எடுத்தீங்க என்று.

வால்டர் மறைக்கவில்லை. "மானேஜர் முன்னாடியே கதைய வாங்கிப் படிச்சுட்டாரும்மா. தண்டல் மேல தப்புன்னு வந்தா கேட்டுக்குள்ளயே விடமாட்டேன்னுட்டாரு. கதைக்கு ஒரு தப்பு வேணுமே. நா என்னா செய்ய?"

"அதுக்கு என்னைய சினிமாவுக்கு அனுப்பிட்டீங்களா?"

அவர் தலைகுனிந்தார். பேர் எதுவும் போடவில்லையே, எந்தத் தோட்டத்திலும் நடக்கக்கூடியதுதானே என்றார். நவமணி கேட்டது ஒன்றே ஒன்று. அதே பெட்டியில், அதே நேரத்தில், அவள் அன்றைக்கு வேலையில்தான் இருந்தாள் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது தன் கையில் இல்லை என்றார். மைலோ வந்தது. அவள் இறங்கிப் போய்விட்டாள்.

அந்த நாடகத்துக்குப் பேர் வந்தது. நாடு முழுக்கக் கடிதம் வந்ததாம். வால்டருக்கு மேலும் இரண்டு, பிறகு ஐந்து என்று படங்கள் கிடைத்தன. அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் கம்பெனி தொடங்கினார்கள். தச்சர், தையல்காரர், டிரைவர் என்று அதில் பிழைக்கிறவர்கள் பெருகினார்கள். தோட்டத்திலோ கதை வேறு மாதிரி ஓடியது. நடந்தது தெரிந்த பெரியவர்கள் வாய் திறக்கவில்லை, தண்டலைப் பகைத்துக்கொள்ள முடியாது. தெரியாத பிள்ளைகள் நாடகத்தையே நம்பின. புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்கள் பைப்படியில் அவளைப் பார்த்ததும் தங்கள் பிள்ளையை இடுப்பில் இழுத்து அணைத்துக்கொண்டார்கள். ஒருநாள் பெரட்டுக் களத்தில், பெயர் கூப்பிடும் நேரத்தில், அவள் வர இரண்டு நிமிஷம் பிந்தியது. "என்னா நவமணி, மேட்னியா?" என்றான் தர்மலிங்கம். பாதிப்பேர் சிரித்தார்கள்.

1979-இல் கம்பெனி மறுபடி வந்தது. இந்த முறை இரண்டு லாரி, மின்சாரம் எடுக்க ஒரு எஞ்சின், முப்பது ஆள். கல்யாணக் கதை. கூட்டத்தில் நிற்பவர்களுக்கு நாள்சம்பளம் என்றதும் லயம் முழுக்கப் பேர் கொடுத்தது. அழகேசனும் விளக்கு தூக்கப் போனான்.

வேலை முடிந்து வந்து முகம் கழுவிய நவமணி வாசலில் உட்கார்ந்தாள். பால் வாளியைக் கவிழ்த்து முன்னால் வைத்துக்கொண்டாள். கம்பெனி கொண்டுவந்திருந்தது, குரலையும் அங்கேயே பிடிக்கும் கருவி. "அமைதி" என்று யாரோ கத்தியதும், கையிலிருந்த விறகால் வாளியைத் தட்டத் தொடங்கினாள். அவர்கள் நிறுத்தினால் அவளும் நிறுத்தினாள். தொடங்கினால் தொடங்கினாள். பொழுது சாயும்வரை ஒரு வரிகூடப் பிடிக்க முடியவில்லை.

மறுநாளும் அதேதான். தர்மலிங்கம் வந்து, மானேஜரிடம் சொல்வேன் என்று மிரட்டினான். போய்ச் சொல், வேலை நேரம் முடிந்து என் வீட்டு வாசலில் என் வாளியை நான் தட்டுகிறேன் என்றாள். வால்டரே வந்து நின்று, தணிந்த குரலில் பேசிப் பார்த்தார். அவர் பேசி முடிக்கும்வரை அவள் தட்டினாள். அழகேசன் வந்து வாளியைப் பிடுங்கக் கை நீட்டினான்.

"மானத்த வாங்காத. எந்திரி உள்ள."

விறகு அவன் விரல்களின் மேல் விழுந்தது. அவன் கையை உதறிக்கொண்டு விளக்குக்குத் திரும்பிப் போனான்.

மூன்றாம் நாள் பெண்கள் திரண்டு வந்தார்கள். பக்கத்து வீட்டு அழகம்மாதான் முன்னால். "செத்த புள்ளைக்காக இருக்கிற புள்ளைங்க சோத்துல மண்ணள்ளிப் போடுறியே" என்றாள். நவமணி அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே தட்டினாள். தகரக் கூரையில் கல் விழுந்தது. பிரேமாவதி உள்ளே மூலையில் சுருண்டு கிடந்தாள். நாலாம் நாள் காலையில் லாரிகள் புறப்பட்டுவிட்டன. கதையை நெல்வயல் கதையாக மாற்றி யான் என்ற ஊரில் போய் எடுத்தார்களாம்.

அழகேசனும் அந்த லாரியில் ஏறிவிட்டான். வால்டர் வேலை கொடுத்தார். அவன் கையைப் பார்த்த இரக்கமோ, அவன் பெண்டாட்டியைப் பார்த்த பயமோ, தெரியாது. பிறகு கம்பெனி அலோர் ஸ்டார் நகரத்தில், மெர்கோங் பகுதியில் பெரிய வீடு எடுத்து உள்ளேயே காட்சி எடுக்கும் இடமாக்கியபோது, அவன் அங்கேயே தங்கிவிட்டான். வருஷத்துக்கு இரண்டு தடவை பிரேமாவதியைப் பார்க்க வருவான். நவமணி தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டாள்.

தோட்டம் அவளை மன்னிக்கவில்லை. பைப்படியில் அவள் வந்தால் மற்றவர்கள் வாளியை எடுத்துக்கொண்டு விலகினார்கள். அவள் நிரையில் பால் நிறைந்த மங்குகள் கவிழ்ந்து கிடந்தன, வாரத்துக்கு ஒருமுறை, இரண்டுமுறை. வீட்டு ஓரத்துப் பப்பாளியை யாரோ வெட்டிச் சாய்த்தார்கள். அவளும் சும்மா இருக்கவில்லை. யார் வீட்டு விசேஷத்துக்கும் போகவில்லை, யார் சாவுக்கும் அழவில்லை. அழகம்மாவின் மாமனார் செத்தபோது, பிணம் அவள் வாசலைத் தாண்டுகையில் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இதையெல்லாம் அவளால் தாங்க முடிந்தது. தாங்க முடியாதது வேறொன்று. வருஷம் ஆக ஆக, அந்த நாளை நினைத்தால் மலைநிரை வர மறுத்தது. கண்ணை மூடினால் தியேட்டர் வந்தது. மஞ்சள் சேலை, பூ, கச்சாங் பூத்தே, சிரிப்பு. இருநூறு மரத்துக்கும் ஓடினோமே, முதல் மங்குப் பாலை எங்கே எடுத்தோம், வழியில் விழுந்தோமா என்று அவள் படுக்கையில் கிடந்து தேடுவாள். சிலநாள் கிடைக்கும். சிலநாள் அந்தப் பினாங்குக்காரியின் பல்வரிசைதான் கிடைக்கும். பிள்ளையையும் வாங்கிக்கொண்டு, பிள்ளை போன நாளையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஒருதடவை மகளிடம் சொன்னாள்.

1986-இல் தோட்டத்தை வீட்டுமனைக்கு விற்றார்கள். மானேஜர், கணக்கெழுதும் கிராணி எல்லோரும் போயாயிற்று. தர்மலிங்கம் வேலை ஓய்ந்து மகன் வீட்டில் இருந்தான். பிரேமாவதி சுங்கை பட்டாணியில் மின்கருவித் தொழிற்சாலையில் சேர்ந்திருந்தாள். சாமான் கட்டிக்கொண்டிருந்த நாளில் ஒரு கார் வந்து நின்றது. தலை நரைத்த வால்டர் இறங்கினார்.

இப்போது எல்லாம் வீடியோ, கலர், கேசட் போட்டு ஊர் ஊராக வாடகைக்கு விடுகிறார்கள் என்று சொன்னார். பத்து வருஷமாக மனசு உறுத்துகிறது என்றார். அது பொய்யில்லை, முகத்தில் தெரிந்தது. அந்தக் கதையை மறுபடி எடுக்கப் போகிறாராம். இந்த முறை நடந்தபடி. தண்டலை அப்படியே காட்டலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னால் போதும். "ஒங்களுக்கு நா செய்ய வேண்டிய நியாயம்மா இது."

பத்து வருஷத்துக்கு முன் அவள் மாடியேறிக் கேட்டது இதில் பாதிகூட இல்லை. நவமணி கட்டிக்கொண்டிருந்த சாக்கின் முடிச்சை இறுக்கினாள்.

"ஒங்க நியாயத்துக்கு எம்புள்ள ரெண்டாந்தடவ சாவணுமா?"

அவர் பேச வாயெடுத்தார்.

"மறுபடி ஒருத்திக்கு எஞ்சேலையக் கட்டுவீங்க. மறுபடி ஒரு புள்ளைய இழுப்பு வர்ற மாதிரி ஆட்டுவீங்க. ஊரு ஒக்காந்து பாக்கும். போங்க சார். கார எடுங்க."

அவர் போகவில்லை. அவள் சாக்கைத் தூக்கி அவர் காலடியிலேயே போட்டு அடுத்ததைக் கட்டத் தொடங்கினாள். கார் கிளம்பியது. அந்தப் படத்தை அவர் எடுக்கவே இல்லை. அடுத்த வருஷம் ஒரு சிரிப்புப் படம் எடுத்துக் கைநிறையச் சம்பாதித்தார் என்று அழகேசன் மூலம் செய்தி வந்தது.

சுங்கை பட்டாணி அடுக்குமாடி வீட்டிலும் பழைய தோட்டத்து ஆட்கள் இருந்தார்கள். யாராவது ஒருத்தி தயங்கித் தயங்கி, அந்த நாடகத்தில் வந்தது நீங்கள்தானா அக்கா என்று கேட்பாள். நவமணி கையில் இருக்கும் வேலையை வைத்துவிடுவாள். கேட்டவளை உட்காரச் சொல்வாள். சினிமா பார்த்துச் சிரித்தவள் ஒரு நடிகை, நான் மலைநிரையில் இருந்தேன் என்று தொடங்குவாள். எத்தனை மரம், என்ன மேகம், யார் சைக்கிளோடு நின்றது, அவன் பேர் தர்மலிங்கம், அவன் இன்ன வார்த்தை சொன்னான் என்று வரிசையாகச் சொல்வாள். அக்னஸைப் பற்றியும் சொல்வாள், விடமாட்டாள். அழுவது கிடையாது. கேட்டவள் நடுவில் எழுந்து போகப் பார்த்தால் கையைப் பிடித்து உட்கார வைப்பாள்.

"முழுசாக் கேட்டுட்டுப் போ. பாதியில போனா நீயும் ஒரு கத கட்டுவ."

அப்படிச் சொல்லிச் சொல்லியே மலைநிரை அவளுக்குத் திரும்பி வந்தது, முழுசாக இல்லை, முக்கால்வாசி. வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி வைக்க மகளைக் கடைசிவரை அவள் விடவில்லை.