அருணாதேவி மாற்றச் சொன்ன ஸ்பிரிங்

அருணாதேவிக்கு வாய் கொஞ்சம் நீளம். ஏழாயிரம்பண்ணைப் பக்கத்திலிருந்து பெண்களை ஏற்றி வரும் வேனில் அவள் ஏறிவிட்டால் டிரைவர் பாட்டை நிறுத்திவிடுவார். எப்படியும் யார் காதிலும் விழாது. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் பள்ளிக்கே அவள்தான் முதல். அதையும் அவளே சொல்லித்தான் ஊருக்குத் தெரியும்.

சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் அவளுக்கு வேலை. தாள் கட்டின் தலையில் தகரப் பட்டையை வைத்து, மெஷினின் பெடலைக் காலால் மிதித்தால் பட்டை மடிந்து தாளைக் கவ்விக்கொள்ளும். காலை எடுத்ததும் ஒரு ஸ்பிரிங் பெடலை மேலே தூக்கிவிடும். நாளெல்லாம் நின்றபடி மிதிக்க வேண்டும். எத்தனை காலண்டரோ அத்தனைக்குக் கூலி.

ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியானதும் ஆர்டர் குவிந்தது. பெடல் மெதுவாக எழும்புகிறது, கை சும்மா கிடக்கிறது என்று பெண்கள் எல்லோரும் ஃபிட்டர் நாகையாவைப் பிடித்துக்கொண்டார்கள். முன்னால் நின்று சத்தம் போட்டது வேறு யார், அருணாதேவிதான். அவரும் முரட்டு ஸ்பிரிங்காகப் பார்த்து மாட்டிக் கொடுத்தார். பெடல் டக்கென்று எழும்பியது. அந்த வாரம் முழுக்க நாகையாவுக்கு டீயும் வடையும் பெண்கள் செலவு.

அடுத்த வாரம் கால்கள் வீங்கத் தொடங்கின. பக்கத்து மெஷின் மாடத்திக்குத்தான் ரொம்ப மோசம். மத்தியானத்துக்கு மேல் சுவரைப் பிடித்துக்கொண்டு மிதித்தாள்.

"இந்த வாரத்தோட நின்னுக்கிடுறேன் ஏளா. வயசாயிப்போச்சு" என்றாள். அவள் வேலையை விட்டு நின்றால் வீட்டில் அடுப்பு எரியாது.

"வயசு ஒரு வாரத்துலயா வரும் மதினி?" என்று கேட்ட பிறகுதான் அருணாதேவிக்குப் பொறி தட்டியது.

சாப்பாட்டு நேரத்தில் நாகையாவிடம் ஒரு மெஷினில் மட்டும் பழைய ஸ்பிரிங்கை மாட்டச் சொன்னாள். இரண்டு பெடல்களிலும் அட்டைக் கட்டுகளை ஏற்றிப் பார்த்தாள். பழையது ஒரு கட்டுக்கே தரையைத் தொட்டது. புதியதற்கு மூன்று கட்டு வேண்டியிருந்தது.

"பெடலத் தூக்குறதுக்கு ஸ்பிரிங்குக்குப் பலம் எங்கனருந்து வருது? மிதிக்கும்போது நம்ம கால்லருந்துதான் வாங்கி வச்சிக்கிடுது. பெடல் போற தூரம் அதே தூரம்தான், அமுக்குற பலம் மூணு மடங்கு. அப்ப வேலையும் மூணு மடங்கு. இதச் சண்டை போட்டு வாங்குனது நாம!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பழைய ஸ்பிரிங்கையே திரும்ப மாட்டச் சொல்லிக் கேட்டதற்கு முதலாளி மசியவில்லை. "பெடல் மெதுவா வந்தா சீசன்ல லோடு எப்படிம்மா ஏறும்?"

"நாளைக்கு மதினி மெஷின்ல மட்டும் பழசப் போடுங்க அண்ணாச்சி. சாயங்காலம் காலண்டர் அடுக்கப் பாருங்க. கொறஞ்சா அவுகளோட நானும் நின்னுக்கிடுறேன்."

மறுநாள் காலையில் மாடத்தி பின்தங்கியே இருந்தாள். அருணாதேவி மிதித்தபடியே அவள் அடுக்கை எட்டி எட்டிப் பார்த்தாள். மத்தியானத்துக்கு மேல் மற்ற மெஷின்களின் சத்தம் ஒவ்வொன்றாகத் தளர்ந்தது. மாடத்தியின் மெஷின் மட்டும் ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் அவளுடைய அடுக்குதான் உயரம். முதலாளி அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "எல்லா மெஷின்லயும் பழசையே மாட்டிருய்யா" என்று நாகையாவிடம் சொன்னார்.

வேனில் ஏறியதும் மாடத்தி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "எல்லாரும் மார்க்குக்குத்தான் படிப்பாக. எங்க அருணா என் காலுக்குல்லா படிச்சிருக்கா!"

அருணாதேவிக்குப் பெருமையில் அழுகையே வந்துவிட்டது.