அக்கிக்கு இரண்டு மாத்திரை

விலாவில் அக்கிக் கொப்புளம் கண்டதும் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். நானோ பானை செய்யும் வேளாரிடம் போய், அதன் மேல் காவி எழுதிக்கொண்டு வந்தேன். எங்கள் பக்கத்தில் அக்கிக்கு அதுதான் வழக்கம். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் பூசைக்குப் போகிறவனும் அதற்கு விலக்கில்லை. கொப்புளம் காய்ந்தது, எரிச்சல் நரம்பிலேயே தங்கிவிட்டது. துணி பட்டாலே உயிர் போனது. துறைமுகத்தில் ஆயுள் முழுக்கக் கிரேன் ஓட்டியவன், ஒரு பனியனுக்குப் பயந்து வெற்றுடம்போடு வீட்டுக்குள் கிடந்தேன்.

மனைவி போனபின் வீட்டில் நான் மட்டும்தான். கனடாவில் இருக்கும் மகள் எப்போதாவதுதான் பேசுவாள். அக்கி வந்தபின் தினமும் சாயங்காலம், அங்கே அவள் வேலைக்குக் கிளம்புமுன், கூப்பிட்டாள். அதற்காகவே பகலைத் தள்ளினேன்.

டாக்டர் முதலில் அபின் வகை மாத்திரை கொடுத்தார். வலி மட்டுப்பட்டது, கூடவே நானும் மட்டுப்பட்டேன். தலை சுற்றியது, மலம் இறுகியது. மகள் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனேன். "அப்பா, கேக்கியளா?" என்று அவள் கத்துவது எங்கோ கேட்கும். வலியே தேவலை என்று தோன்றியது. வேறு மருந்து கேட்டேன்.

புதுச் சீட்டைப் பார்த்த மருந்துக்கடைக்காரர், அத்தனை பேர் நிற்கையில், "அண்ணாச்சி, இது மனசு சரியில்லாதவுகளுக்கு உள்ளதுல்லா?" என்றார்.

"ஏலே, எனக்கு விலாவுலதான் கோளாறு!" என்று எரிந்து விழுந்துவிட்டு நேரே டாக்டரிடம் போனேன். மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைதான், ஆனால் நரம்பு வலியையும் அடக்கும், மெதுவாகத்தான் கேட்கும் என்றார் அவர். வாய் வறண்டது. சில வாரம் கழித்துச் சட்டை போட முடிந்தது. வலி முழுக்கப் போகவில்லை. ஆனால் மகள் சொன்னதையெல்லாம் விழித்திருந்து கேட்டேன்.

"இப்ப எப்படிப்பா இருக்கு?"

"ரொம்பக் கொறஞ்சிட்டு, மக்களே."

சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். "அப்பாடா. இனி நான் நிம்மதியா வேலையப் பாப்பேன்ப்பா."

மறுநாள் சாயங்காலம் போன் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. சாப்பிட்டு முடித்து, அன்றைய மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, போடலாமா வேண்டாமா என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.